கட்டைவிரல் தேய்மானத்துக்கு ஸ்பிளின்ட்: எப்போது போடலாம், எப்போது கழற்ற வேண்டும்?

கேள்வி:

எனக்கு வயது 57. பல வருடங்களாகத் தையல் வேலை செய்கிறேன். இரண்டு வருடமாக வலது கட்டைவிரல் கையோடு சேரும் இடத்தில் வலி. கத்தரிக்கோல் பிடித்தால், சாவி திருப்பினால், பாட்டில் மூடியைத் திறந்தால் சுரீர் என்கிறது. விரல் நுனி மூட்டுகளில் சின்ன முடிச்சுகள் வந்திருக்கின்றன. ஆள்காட்டி விரலின் நுனி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் மூட்டுத் தேய்மானம் என்றார், ஸ்பிளின்ட் போடச் சொன்னார். மகன் இணையத்தில் ஒன்று வாங்கித் தந்தான். அது முன்கையில் பாதிவரை வந்து மணிக்கட்டையும் கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிறது. ஒன்றரை மாதமாக இரவும் பகலும் போட்டிருக்கிறேன். போட்டிருக்கும்போது வலி இல்லை. கழற்றினால் மணிக்கட்டு விறைத்துக் கிடக்கிறது, பிடியில் வலுவே இல்லை. போட்டுக்கொண்டு தைக்கவும் முடியவில்லை. இப்படியே போட்டால் கழற்றவே முடியாமல் போய்விடுமா? சாய்ந்த விரல் நேராகுமா? இடது கையிலும் லேசாக வலி தொடங்குகிறது. அதற்கும் இப்போதே ஒன்று வாங்கிவிடலாமா?

பதில்:

அன்புள்ள அம்மா,

வலிப்பது கட்டைவிரலின் அடி மூட்டு. கட்டிப் போட்டிருப்பதோ மணிக்கட்டையும் சேர்த்து. ஒன்றரை மாதம் அசைக்காமல் வைத்தால் நல்ல மூட்டும் விறைக்கும், தசையும் வலுவிழக்கும். நீங்கள் சொல்லும் விறைப்பும் வலுக்குறைவும் பெரும்பாலும் இதனால் வந்தவைதான். நோய் முற்றிவிட்டது என்று பயப்பட வேண்டாம். அசைக்கத் தொடங்கினால் சில வாரங்களில் கை பழைய நிலைக்குத் திரும்ப நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் அந்த ஸ்பிளின்ட்டை இரவும் பகலும் போடுவதை இனி நிறுத்திவிடுங்கள்.

தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கட்டைவிரலை இழுக்கும் தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் வீங்கி வலிக்கும்போது கொடுக்கும் வகை அது. உங்களுக்கும் என்றாவது வலி மிகவும் அதிகமாகி, கையை எங்கே வைப்பது என்றே தெரியாமல் போனால், இரண்டு மூன்று நாள் அதைப் போட்டு ஓய்வு கொடுக்கலாம். தினசரி வேலைக்கு அது ஏற்றதல்ல. வலிக்கிற மூட்டைப் பிடிக்க வேண்டும், வலிக்காத மூட்டை விட்டுவிட வேண்டும். ஸ்பிளின்ட் தேர்வில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த அடி மூட்டு ஏன் இப்படிப் படுத்துகிறது என்று தெரிந்தால், எப்போது போட வேண்டும் என்பது உங்களுக்கே விளங்கிவிடும். அங்கே இரண்டு எலும்புகள் சந்திக்கின்றன: கட்டைவிரலின் அடி எலும்பும், மணிக்கட்டின் ஒரு சிறு எலும்பும். ஒவ்வொன்றின் முகப்பும் குதிரைச் சேணம்போல வளைந்து, ஒன்றின் மேல் ஒன்று அமர்ந்திருக்கும். கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களையும் எதிர்கொண்டு தொட முடிவது இந்த வடிவத்தால்தான். அந்தச் சுதந்திரத்துக்கு ஒரு விலை உண்டு. இரு எலும்புகளையும் பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் தசைநார்களே. அவை தளரும்போது அடி எலும்பு கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் நழுவுகிறது. கட்டைவிரல் உள்ளங்கைப் பக்கம் ஒட்டிக்கொள்கிறது. அதை ஈடுகட்ட நடு மூட்டு பின்பக்கமாக வளைகிறது. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்துக் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். கட்டைவிரலின் நடு மூட்டு உள்ளே குழிந்து போகிறதா? போனால், ஸ்பிளின்ட் செய்பவரிடம் அதை அவசியம் காட்டுங்கள். அந்த மூட்டுக்கும் சேர்த்துத் தாங்கல் வைக்க வேண்டிவரும்.

இன்னொன்று. கட்டைவிரல் நுனியில் ஒரு கிலோ விசையோடு கிள்ளிப் பிடித்தால், அடி மூட்டில் ஏறத்தாழ 12 கிலோ அழுத்தம் விழுகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஊசியைப் பிடித்துக் கெட்டித் துணியில் இழுப்பதும், தடித்த துணியைக் கத்தரிப்பதும் நாளெல்லாம் இந்த அழுத்தத்தைத் தருகிற வேலைகள். உங்கள் தொழில்தான் நோயைக் கொண்டுவந்தது என்று நான் சொல்லவில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்த மூட்டில் தேய்மானம் வருவது மிகவும் சாதாரணம், தைக்கவே தெரியாதவர்களுக்கும் வருகிறது. வந்துவிட்ட மூட்டை எது நோகடிக்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம்.

தேய்ந்த குருத்தெலும்பை எந்த ஸ்பிளின்ட்டும் திரும்ப வளர்க்காது. அது செய்வது ஒன்றுதான்: நீங்கள் அழுத்திப் பிடிக்கும் நேரத்தில் அடி எலும்பு நழுவாமல் தாங்கிக்கொள்கிறது. வலி குறைகிறது. வலி குறைந்தால் கையை நம்பிக்கையோடு பயன்படுத்துகிறீர்கள், தசை வேலை செய்கிறது. அதனால்தான் வேலை நேரத்தில் போட்டு மற்ற நேரத்தில் கழற்றி வைப்பவர்களின் கை அதனால் வலுவிழப்பதில்லை. ‘கழற்றவே முடியாமல் போய்விடுமா’ என்ற உங்கள் பயத்துக்கும் இதுதான் பதில்.

உங்களுக்குத் தேவை கையளவில் நின்றுவிடும் குட்டையான கட்டைவிரல் ஸ்பிளின்ட். இதில் இரண்டு வகை. ஒன்று தெர்மோபிளாஸ்டிக் தகட்டில் உங்கள் கைக்கென்றே செய்வது. தகட்டை ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி சூடான நீரில் போட்டால் துணிபோலத் தொய்ந்துவிடும். துடைத்து, சற்றே சூடு ஆறவிட்டு, கையின்மேல் வைத்து அழுத்திப் பிடித்தால் சில நிமிடங்களில் அந்த வடிவத்திலேயே இறுகும். ஒரு பெரிய கண்ணாடிக் குவளையைப் பிடிப்பதுபோலக் கட்டைவிரல் வட்டமாக விலகி நிற்கும் நிலையில் வார்ப்பார்கள். கட்டைவிரல் உள்ளங்கையோடு ஒட்டிய நிலையில் வார்த்த ஸ்பிளின்ட்டால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. அப்படி இருந்தால் மறுபடி சுடுநீரில் இளக்கிச் சரி செய்து தரச் சொல்லுங்கள், தயங்க வேண்டாம். இளக்கினால் மீண்டும் வடிவம் மாற்ற முடியும் என்பதே அந்தப் பொருளின் சிறப்பு.

மற்றது நியோப்ரீன் எனும் மெத்தென்ற ரப்பர் துணியில் செய்தது. கையுறையின் ஒரு பகுதிபோலக் கட்டைவிரலைச் சுற்றி வெல்க்ரோவால் ஒட்டிக்கொள்ளும். தாங்கல் குறைவு, சௌகரியம் அதிகம், கதகதப்பும் கிடைக்கும். தைக்கும்போது விரல் நுனியின் உணர்வும் அசைவும் உங்களுக்கு வேண்டுமென்பதால், பகலில் இந்த மெத்தென்ற வகையும், கனமான வெட்டு வேலைக்குக் கெட்டியான வகையும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நீங்கள் எதை உண்மையில் போடுவீர்கள் என்று யோசித்து அதை வாங்குங்கள். அலமாரியில் கிடக்கும் அருமையான ஸ்பிளின்ட் ஒரு மூட்டையும் காப்பாற்றாது.

கடையில் வாங்கினாலும் செய்து வாங்கினாலும், போட்டவுடன் மூன்றைச் சோதித்துப் பாருங்கள். மணிக்கட்டை மேலும் கீழும் தடையில்லாமல் மடக்க முடிய வேண்டும். மற்ற நான்கு விரல்களை மூடிப் பார்த்தால், விரல்களுக்குக் கீழே உள்ளங்கையில் ஓடும் ரேகையில் ஸ்பிளின்ட்டின் விளிம்பு இடிக்கக் கூடாது. கட்டைவிரல் நுனி ஆள்காட்டி, நடுவிரல் நுனிகளைத் தொட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அதைக் கொண்டு நீங்கள் வேலை செய்ய மாட்டீர்கள். முடிந்தால் கை சிகிச்சையில் பழகிய ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்ய உதவும் சிகிச்சையாளர்) ஒருவரிடம் நேரில் போய் அளவு கொடுங்கள். படத்தைப் பார்த்து வாங்குவதில் உங்கள் மகன் மேல் தவறில்லை. படத்தில் எல்லாமே ஒரே மாதிரிதான் தெரியும்.

எப்போது போடுவது? துணி வெட்டும்போது போடுங்கள். கெட்டித் துணியில் கையால் ஊசி இழுக்கும்போது, பை தூக்கும்போது, துணி பிழியும்போது போடுங்கள். மெஷினில் உட்கார்ந்து துணியைத் தள்ளிக் கொடுக்கும் நேரத்தில் வலி இல்லையென்றால் கழற்றுங்கள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது தேவையே இல்லை. வலி வந்த பிறகு தேடிப் போடுவதைவிட, வலிக்கும் என்று தெரிந்த வேலைக்கு முன்னாலேயே போடுவது நல்லது. ஒரு மணி நேர வெட்டு வேலை முடிந்ததும் கழற்றிவைத்துக் கையை நாலு முறை விரித்து மூடுங்கள்.

இரவில்? வலி தூக்கத்தைக் கெடுத்தால் போடலாம். பிரான்சில் இந்த மூட்டுக்கு இரவு ஸ்பிளின்ட் கொடுத்து நடத்திய ஆய்வு 2009-இல் வெளியானது. ஒரு மாதத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. 12 மாதம் கழித்துப் பார்த்தபோது, போட்டவர்களுக்கு வலியும் வேலை செய்வதில் உள்ள சிரமமும் குறைந்திருந்தன. ஐரோப்பிய வாதநோய் நிபுணர்களின் 2018 பரிந்துரையும் கட்டைவிரல் அடி மூட்டுக்கு ஸ்பிளின்ட்டைச் சொல்லி, அதை நீண்ட காலம், குறைந்தது மூன்று மாதமாவது பயன்படுத்தப் பார்க்கச் சொல்கிறது. இரண்டு வாரத்தில் ‘இது ஒன்றும் கேட்கவில்லை’ என்று கழற்றி வைத்துவிடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் நடந்து 2021-இல் வெளியான ஓர் ஆய்வில், எல்லோருக்கும் நல்ல உடற்பயிற்சியும் கையைப் பயன்படுத்தும் முறையும் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதோடு ஸ்பிளின்ட்டும் தந்தார்கள். ஸ்பிளின்ட் பெற்றவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. இதை வைத்து ஸ்பிளின்ட் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். போட்டால் வலி அடங்குகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், உங்கள் கை சொல்வதையும் கேட்க வேண்டும். ஆனால் பயிற்சியையும் பழக்க மாற்றத்தையும் விட்டுவிட்டு ஸ்பிளின்ட்டை மட்டும் நம்பி உட்கார்ந்தால் பாதி மருந்துதான் எடுத்த மாதிரி. இந்தக் கடிதத்தில் நீங்கள் மறக்கக் கூடாத இடம் இதுதான்.

ஆகவே முதல் இரண்டு வாரம் இப்படிச் செய்யுங்கள். நீளமான ஸ்பிளின்ட்டைப் பகலில் சும்மா இருக்கும் நேரங்களில் எல்லாம் கழற்றிவிடுங்கள். காலையும் மாலையும் பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் கையைப் பத்து நிமிடம் வைத்திருந்து, உள்ளேயே மணிக்கட்டை மேலும் கீழும், இடமும் வலமும் மெதுவாக அசையுங்கள். விரல்களை மூடித் திறவுங்கள். குட்டையான ஸ்பிளின்ட் கைக்கு வந்ததும், வேலைக்கு அதை மட்டும் போடுங்கள். இரவில் நீளமானதை இரண்டு வாரத்துக்குள் விட்டுவிடப் பாருங்கள். கழற்றிய முதல் நாட்களில் வேலைக்குப் பிறகு கொஞ்சம் நோவு இருக்கும். மறுநாள் காலைக்குள் அது அடங்கிவிட்டால் கவலையில்லை. அடங்கவில்லை என்றால் முந்தைய நாள் வேலை கொஞ்சம் அதிகம் என்று அர்த்தம், குறையுங்கள்.

பயிற்சியில் ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள்: மென்பந்தை இறுக்கி அமுக்குவது. பிடி வலு குறைந்தவர்களுக்கு யார் யாரோ முதலில் சொல்லும் யோசனை அது. கட்டைவிரல் அடி மூட்டு தேய்ந்தவர்களுக்கு அது வலிக்கிற மூட்டின்மேல் இன்னும் பாரத்தை ஏற்றுவதுதான். உங்களுக்கு வலுவாக வேண்டியது கிள்ளுகிற தசை அல்ல, கட்டைவிரலை விலக்கி நிறுத்துகிற தசைகள். கையை மேசைமேல் சுண்டுவிரல் பக்கம் படும்படி வையுங்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் ஒரு குவளையைச் சுற்றிப் பிடித்ததுபோல வளைவாக விரியுங்கள். கட்டைவிரலின் எந்த மூட்டும் பின்பக்கம் குழியக் கூடாது. அப்படியே ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, தளர்த்துங்கள். பத்து முறை போதும்.

அடுத்தது ஆள்காட்டி விரலுக்கு. உள்ளங்கையை மேசையில் கவிழ்த்து வைத்து, ஆள்காட்டி விரலை மட்டும் கட்டைவிரல் பக்கமாக நகர்த்துங்கள். இடது கை விரலால் லேசாகத் தடை கொடுங்கள். அப்போது இரு விரல்களுக்கும் நடுவே, புறங்கைப் பக்கம் ஒரு தசை புடைப்பது தெரியும். அடி எலும்பு நழுவாமல் இழுத்துப் பிடிக்கும் தசை அது. வலி வந்தால் தடையைக் குறையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையை இடது கையால் பிடித்து, இறுகிய இடத்தில் அரை நிமிடம் மெதுவாக அழுத்தி விடுவதும் நல்லது. அந்தச் சதை இறுகிப் போனால் கட்டைவிரல் விலகவே மறுக்கும்.

இனி உங்கள் கத்தரிக்கோல். ஸ்பிளின்ட்டைவிட அதுதான் உங்கள் கையின் நாளைத் தீர்மானிக்கிறது. வெட்டி முடித்ததும் தானாகவே திறந்துகொள்ளும் ஸ்பிரிங் வைத்த கத்தரிக்கோல் கிடைக்கிறது. வாங்குங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கட்டைவிரலால் கைப்பிடியைத் தள்ளித் திறக்கும் வேலை மிச்சமாகும். கைப்பிடி வளையம் பெரிதாக இருக்கட்டும். துணியைத் தூக்கிப் பிடித்து வெட்டாமல் கத்தரிக்கோலின் கீழ் அலகை மேசைமேல் ஊன்றி வெட்டுங்கள். கூர் மழுங்கிய கத்தரிக்கோலை ஒரு நாள்கூட வைத்திருக்காதீர்கள், உடனே சாணை பிடித்துவிடுங்கள். நீளமான நேர்வெட்டுகளுக்கு, முழுக் கையாலும் பிடித்து உருட்டும் சக்கரக் கத்தி பலருக்கு ஒத்துவருகிறது. ஊசியை இழுக்க விரல் நுனிகளில் ரப்பர் உறை போட்டால், வழுக்காததால் கிள்ளும் விசை குறையும். சாவிக்கு அகலமான கைப்பிடி உறை போடுங்கள். பாட்டில் மூடியை ரப்பர் விரிப்பு வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் திருப்புங்கள். கிள்ளிப் பிடிக்கும் எந்த வேலையையும் உள்ளங்கைக்கோ இரண்டு கைக்கோ மாற்ற முடியுமா என்று பாருங்கள்.

விரல் நுனி முடிச்சுகளைப் பற்றி. 18-ஆம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹெபர்டன் இவற்றை விவரித்ததால் அவர் பெயராலேயே ஹெபர்டன் முடிச்சுகள் என்கிறோம். இவை எலும்பு வளர்ச்சிகள். பக்கவாட்டில் சாய்ந்துவிட்ட ஆள்காட்டி விரலை ஸ்பிளின்ட் நேராக்காது. யாராவது நேராக்கித் தருவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். ஆனால் வலிக்கு வழி இருக்கிறது. அந்த ஒரு மூட்டை மட்டும் நீட்டிப் பிடிக்கும் சிறிய ஸ்பிளின்ட்டை இரவில் மட்டும் மூன்று மாதம் போட்ட ஓர் ஆய்வில் வலி குறைந்தது, மூட்டு விறைத்துப் போகவும் இல்லை. இந்த முடிச்சுகளும் புதிதாக வரும்போதுதான் அதிகம் நோகும். ஒன்றிரண்டு வருடத்தில் பலருக்கு வலி தானே அடங்கிவிடுகிறது, முடிச்சு மட்டும் நிற்கிறது.

ஒன்றை உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். காலையில் எழுந்ததும் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கிறதா? விரல்களின் அடி மூட்டுகளும் மணிக்கட்டும் இரண்டு கையிலும் மெத்தென்று வீங்குகின்றனவா? காரணமில்லாத அசதி உண்டா? இருந்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம், வாதநோய் நிபுணரைத் தாமதமில்லாமல் பாருங்கள். தேய்மானத்தில் விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் நோயை அடக்கும் மருந்து சீக்கிரம் தொடங்க வேண்டும். அங்கே ஸ்பிளின்ட் அதற்குத் துணை மட்டுமே: வீக்கம் அதிகமான நாட்களில் ஓய்வுக்கு ஒன்று, நடு மூட்டு பின்பக்கம் வளையும் விரலுக்கு மோதிரம்போல ஒன்று. உங்கள் விவரம் தேய்மானத்தோடுதான் பொருந்துகிறது. என்றாலும் கேட்காமல் விடக் கூடாது. இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போனாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது இதே வயதில் இதோடு சேர்ந்து வரும். அதற்கு மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் இரவு ஸ்பிளின்ட்தான் முதல் வைத்தியம்.

புது ஸ்பிளின்ட்டை முதல் நாள் அரை மணி நேரம் போட்டுக் கழற்றித் தோலைப் பாருங்கள். சிவப்புத் தடம் அரை மணி நேரத்தில் மறைந்தால் சரி. மறையவில்லை என்றால் அந்த இடத்தில் அழுத்துகிறது, சரி செய்ய வேண்டும். விரல் நீலம் பாரித்தாலும் மரத்தாலும் உடனே கழற்றுங்கள். சர்க்கரை நோய் இருந்தால் அழுத்துவது உறைக்காமலே புண் வந்துவிடும், அதனால் தினமும் கண்ணால் பாருங்கள். நியோப்ரீன் சிலருக்கு அரிப்பு தரும். உள்ளே மெல்லிய பருத்தி உறை போட்டும் நிற்கவில்லை என்றால் வேறு பொருளுக்கு மாறிவிடுங்கள். தெர்மோபிளாஸ்டிக்கை வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவலாம். அடுப்பருகிலோ வெயிலில் நிற்கும் காருக்குள்ளோ வைத்தால் உருமாறிவிடும்.

மாத்திரைக்குப் போகும் முன், மேலே தடவும் வலி நிவாரண ஜெல்லைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கையின் சிறிய மூட்டுகளுக்கு அதைத்தான் முதலில் பரிந்துரைக்கிறார்கள். ஸ்பிளின்ட், பயிற்சி, ஜெல் எல்லாம் முறையாகச் செய்தும் வலி குறையாமல், வேலையும் தூக்கமும் கெட்டால் கை அறுவை சிகிச்சை நிபுணரைப் பார்க்கலாம். அடி மூட்டில் உள்ள அந்தச் சிறு மணிக்கட்டு எலும்பை எடுத்துவிடும் அறுவை சிகிச்சை பலருக்கு நல்ல நிவாரணம் தந்திருக்கிறது. குணமாகப் பல மாதம் ஆகும். நீங்கள் அந்தக் கட்டத்தில் இல்லை.

இடது கைக்கு இப்போது ஸ்பிளின்ட் வாங்க வேண்டாம். லேசான வலிக்கு முன்கூட்டியே போட்டால் தேய்மானம் நின்றுவிடும் என்பதற்கு ஆதாரமில்லை. வலது கைக்குச் சொன்ன அதே இரண்டு பயிற்சிகளை இடது கைக்கும் செய்யுங்கள். வலது கை வலிக்கிறதே என்று எல்லாக் கனத்தையும் இடது கைக்கு மாற்றியிருந்தால், அதை இரண்டு கைக்கும் பிரித்துக் கொடுங்கள். ஏதாவது ஒரு குறிப்பிட்ட வேலையில் இடது கட்டைவிரல் தொடர்ந்து வலிக்க ஆரம்பித்தால், அந்த வேலைக்கு மட்டும் ஒரு குட்டை ஸ்பிளின்ட் அப்போது செய்துகொள்ளலாம்.